வகுப்பு என்னுங் கருத்தின் வரலாறு

வகுப்பு என்றவுடன் மாணவர் நெஞ்சில் வாங்கும் கரும்பலகையுமே தோன்றும். கணினி நிரலாக்கத்திலும் வகுப்பு என ஒன்று உண்டு. அது பிறந்த இடம் நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரம். அங்குள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்தில் கிறிஸ்தன் நீகார்ட், ஓலே யோகான் டால் என்னும் இருவர் 1962 ஆம் ஆண்டளவில் சிமுலா என்னும் மொழியை ஆக்கத் தொடங்கினர். வரிசைகள், ஊர்திகள், தொழிற்கூடங்கள் ஆகியவற்றின் இயக்கத்தைக் கணினியிற் போலச்செய்து காண்பதே அவர் நோக்கம். 1967 இல் வெளிப்பட்ட அம்மொழியின் புதுவடிவிலேயே வகுப்பு முதன்முதல் இடம்பெற்றது. தரவையும் அதற்குரிய வினைகளையும் ஒருங்கே பிணிக்கும் அச்சு வகுப்பு; அவ்வச்சில் வார்க்கப்படும் ஒவ்வொன்றும் பொருள் எனப்படும்.

இதனை விளங்க வெலிமடையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் செக்ரோலை எடுத்துக்கொள்வோம். தொழிலாளியின் பெயர், இலக்கம், வேலைநாள், கொழுந்தின் நிறை என்பன அதன் கட்டங்கள். குறித்த நிறை பறித்தார்க்கு முழுப்பேர், குறைந்தார்க்கு அரைப்பேர் என்பது தோட்ட வழக்கு. இதனை வகுப்பாக அமைப்பின் கட்டங்கள் பண்புகளாம். நிறை பதிதல், பேர் போடுதல், கூலி கணித்தல் என்பன முறைகளாம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிய பதிவு ஒரு பொருள். காகித வரி தானே கணக்கிடாது. பொருளோ தன் கூலியைத் தானே கணித்துரைக்கும்.

பண்புகளைப் பிற நிரற்பகுதிகள் நேரே தொடாவாறு மறைத்தல் வகுப்பமைப்பில் தலையாயது. தோட்டங்களில் ஆண் பெண் நாட்கூலி 1984 இலேயே சமமாயிற்று. இத்தகைய மாற்றம் வருங்கால், கூலி விதி நிரலெங்கும் சிதறிக் கிடப்பின் ஓரிடம் திருத்தப்படாமல் எஞ்சலாம். எஞ்சிய இடத்தில் ஒரு பெண்ணின் கூலி குறையும். விதி வகுப்பினுள் ஓரிடத்தே இருப்பின் அங்குத் திருத்தினாற் போதும்.

எப்பண்புகளைக் கொள்வது என்பதும் சிறிய வினா அன்று. கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கும் கிலோவைப் பதியாது எஞ்சிய நிறையை மட்டும் வகுப்பு கொள்ளுமாயின், கழிவு எவ்வளவு என்று பின்னர் எவரும் கேட்க இயலாது. நிறுத்த நிறை, கழிவு என இரண்டையுங் கொள்வதே நேர்மையான அமைப்பு என்பது எம் துணிபு.

சிமுலாவின் வழியை அலன் கேயின் சுமோல்ரோக் 1972 இலும், பியார்ண் ஸ்ட்ரூஸ்ட்ரப்பின் சி பிளஸ் பிளஸ் 1980களிலும், ஜாவா 1995 இலும் பரப்பின. நீகார்ட் மட்டும் வேறொரு வழியும் சென்றார். 1970களின் தொடக்கத்தில் நோர்வே இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, ஆலைகளிற் புகுந்த கணினி முறைகளைத் தொழிலாளரே ஆராய்ந்து, அவற்றின் அமைப்பைப் பற்றி நிருவாகத்திடம் வினவ வல்லராகுமாறு அவர் உழைத்தார்.