அரைக் கிலோ கியர் நாபும் போடிமெட்டு இறக்கமும்



போன வாரம் ஒரு போன் வந்தது. 1984இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். இப்போது தேவாரத்தில் பழைய டீசல் ஜீப் ஒன்று வைத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுகிறார். வண்டி ஓட்டுவது மகன்.

"சார், பய ஆன்லைன்ல ஒரு கியர் நாப் வாங்கிருக்கான். இரும்பு உருண்டை, அரைக் கிலோ இருக்கு. இதப் போட்டா கியர் வெண்ணெயாட்டம் விழும்ங்கிறான். போடலாமா சார்?"

சரித்திர வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று உங்களுக்குத் தோன்றும். ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்னால் இந்தக் குமிழின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போனை வைத்த பிறகு நான்கு நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் திட்டு.

1891இல் பிரான்சில் பனார், லெவஸோர் என்ற இரண்டு கூட்டாளிகள் எஞ்சினை வண்டியின் முன்னால் வைத்து, ஒரு பல்சக்கரப் பெட்டி வழியாகப் பின்சக்கரத்துக்கு விசை கொடுத்தார்கள். இன்று நாம் கார் என்று சொல்வதன் எலும்புக்கூடு ஏறக்குறைய அதுதான். சிக்கல் என்னவென்றால், கியர் மாற்ற வேண்டுமானால் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பல்சக்கரத்தை நகர்த்தி, வேறு வேகத்தில் சுற்றும் இன்னொன்றோடு கோக்க வேண்டும். வேகம் ஒத்துவராவிட்டால் பல்லும் பல்லும் மோதிக் கறகறவென்று கத்தும். அதனால்தான் அந்தக் காலத்து வண்டிகளில் கியர் கம்பி அவ்வளவு நீளமாக, பல வண்டிகளில் வெளிப்பக்கமாகவே நின்றது. அன்றைக்கு அதன் நுனியில் இருந்த குமிழுக்கு ஒரே வேலை, உள்ளங்கையைக் காப்பாற்றுவது. முதலில் மரம், பிறகு பேக்கலைட்.

1928இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் சின்க்ரோமெஷ் வந்தது. பற்கள் கோத்துக்கொள்வதற்கு முன், கூம்பு வடிவப் பகுதிகள் ஒன்றோடொன்று உரசி இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் சமப்படுத்தும் ஏற்பாடு. அது வருவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது டிரைவரின் இடது காலும் காதும்தான். டபுள் கிளட்ச் என்று சொல்வோமே, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டரைத் தட்டி, மறுபடி மிதித்துக் கியரைப் போடுவது. நம் பக்கத்துப் பழைய லாரி டிரைவர்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

கனமான நாபின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. சின்க்ரோமெஷ் வளையம் உரசி முடிக்க ஒரு நொடியில் ஒரு துளி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் கம்பியில் ஒரு சின்னத் தடை கைக்குத் தெரியும். கம்பியின் உச்சியில் கனம் இருந்தால், கை கொடுத்த தள்ளலை அந்தக் கனமே எடுத்துக்கொண்டு போய்த் தடையைத் தாண்டிவிடும். உலக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். உலக்கையைத் தூக்குவதுதான் வேலை, குத்துவதை அதன் கனம் பார்த்துக்கொள்ளும். கம்பெனி நாப் பெரும்பாலும் 100 கிராமைச் சுற்றி இருக்கும். கடையில் தனியாக விற்பவை கால் கிலோ, அரைக் கிலோ. ஆகவே பையன் சொன்ன வெண்ணெய் பொய்யில்லை. கைக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியும்.

நம் நாட்டில் இந்த ஆசை கார்க்காரர்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. அம்பாசடரையும் பத்மினி என்று பெயர் மாறிய பியட்டையும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். கியர் தரையில் இருக்காது, ஸ்டியரிங் தண்டில் இருக்கும். 1930களின் கடைசியில் அமெரிக்காவில் பரவிய பழக்கம் அது. முன் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்கார வேண்டும் என்பது ஒரு காரணம். நம் ஊர்க் கல்யாணங்களில் அந்தத் தாராளத்தை எப்படிப் பயன்படுத்தினோம் என்பது உங்களுக்கே தெரியும். டிரைவர் கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்டுவார். அந்தக் கம்பியின் நுனியில் இருந்தது ஒரு சின்னக் குமிழ், அதில் மாற்ற என்ன இருக்கிறது? சென்னையில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டில் கியர் தரையில் இருந்தது, ஆனால் தெருவில் அதன் எண்ணிக்கை குறைவு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பத்துக் காரில் கியர் கம்பி தரைக்கு இறங்கியது.

அதுவரை கியர் நாபுக்கு அலங்காரம் செய்தவர்கள் லாரிக்காரர்கள்தான். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உருண்டை, அதற்குள் ஒரு ரோஜாப்பூ. சிலவற்றில் பிள்ளையார், சிலவற்றில் இயேசு. நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிகளில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ராத்திரி முழுக்க இடது கை அதன் மேலேயே கிடக்கும். வீட்டுக்காரியின் கையைப் பிடித்ததைவிட இதைப் பிடித்ததுதான் அதிகம் என்று ஒரு லாரிக்காரர் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு சிரிப்பாகப் படவில்லை.

ஜீப்புக்கு வருகிறேன், தேவாரத்துக்காரனுக்கு அதுதான் முக்கியம். 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி செய்யத் தொடங்கிய வண்டி, போர் முடிவதற்குள் போர்டு கம்பெனி செய்ததையும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேல் வந்துவிட்டது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்டவை 'டிஸ்போசல்' வண்டி என்ற பேரோடு ஊருக்குள் வந்தன. 1947இல் பம்பாயில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வாங்கிக் கோத்து விற்க இறங்கியது. தரையில் மூன்று கம்பிகள் இருக்கும். ஒன்று மூன்று கியருக்கு. ஒன்று முன்சக்கரத்துக்கும் விசை கொடுக்க. இன்னொன்று ஏற்றத்துக்கான தாழ்ந்த கியருக்கு. மூன்றின் தலையிலும் கறுப்பு உருண்டை. முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் கிடையாது. ஏற்றத்தில் முழுக்க நிற்காமல் முதல் கியருக்கு இறக்கத் தெரிந்தவன்தான் டிரைவர், மற்றவனெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிறவன் என்பார்கள்.

நம் ஊருக்கு மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. மலை அவர்களுக்கு, அதில் ஏலக்காய் எடுக்கும் கைகள் பெரும்பாலும் நமக்கு. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாக நேராக ஏற ஒரு சாலை போடுங்கள் என்று எத்தனை தேர்தலாகக் கேட்கிறோம்! நடந்து ஏறியவர்கள் ஏறினார்கள். வண்டியில் போவதென்றால் ராசிங்கபுரம், சிலமலை வழியாகப் போடிக்குப் போய், முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கம்பம்மெட்டைச் சுற்ற வேண்டும். கோழி கூப்பிடும் முன்னால் சோத்துத் தூக்கோடு ஜீப்பில் நெருக்கிப் பிடித்து ஏறுகிறவர்களில் பெண்களே அதிகம். ஒரு வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணி எழுத எனக்கு மனசு வரவில்லை.

இப்போது 1984.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு வரவே இல்லை. மலையில் காய் எடுக்கப் போய்விட்டான் என்றார்கள். கணக்கில் நல்ல பிள்ளை. ஒரு சனிக்கிழமை, ஆள் ஏற்றும் ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டு பூப்பாறை தாண்டிப் போனேன். அவன் அப்பாவிடம் பேசினேன், கொஞ்சம் சண்டையும் போட்டேன். சாயங்காலம் பையனோடு அதே ஜீப்பில் இறங்கினேன்.

அந்த டிரைவர் அண்ணனுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். அவர் வண்டியின் கியர் கம்பித் தலையில் பழைய கறுப்பு உருண்டை இல்லை. பளபளவென்று ஒரு பித்தளைக் குண்டு, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிசு. லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கியதாகப் பெருமையாகச் சொன்னார். "கையில பிடிச்சுப் பாருங்க சார், படிக்கல்லு மாதிரி!" ஏறும்போது கியர் அழகாகத்தான் விழுந்தது. அவர் அந்தப் பித்தளையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மெட்டைத் தாண்டி இறக்கத்தில் இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்தோம். மலை இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பிரேக்கைவிட எஞ்சின்தான் என்பது உங்களில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். மேலே இருந்து மூன்றாவதோ நாலாவதோ வளைவு. மழையில் அரித்த குழிகள். வண்டி ஒரு குழியில் இறங்கி எழுந்தது, பித்தளைக் குண்டு ஒரு ஆட்டம் ஆடியது, 'டக்'கென்று சத்தம், கியர் கழன்று நியூட்ரலில் நின்றது. எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கிவிட்டது. அந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. ஓடுகிற வண்டியில் முதல் கியர் போக வழியில்லை. இரண்டாவது திரும்ப விழவில்லை, கறகறவென்று கத்தியது. பிரேக்கில் ஏறி நின்றார். வண்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. பின்னால் பெண்கள் அலறினார்கள். அவர் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து மண்சரிவில் கொண்டுபோய்ச் சொருகினார். ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது, எனக்கு நெற்றியில் நாலு தையல். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, தூக்குவாளியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

மறுவாரம் மெக்கானிக் பெட்டியைத் திறந்தபோது டிரைவர் அண்ணனே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கியரை அதன் இடத்தில் நிறுத்திவைப்பது உள்ளே ஒரு குழியில் உட்காரும் சின்ன இரும்புக் குண்டும், அதை அழுத்தும் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, குழி தேய்ந்திருந்தது, பற்களின் முனையும் தேய்ந்திருந்தது. வண்டிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். லேசான நாப் இருந்தவரைக்கும் அந்தத் தேய்மானம் அப்பப்போ முணுமுணுத்தது. நீளமான கம்பியின் உச்சியில் கனத்தை வைத்த பிறகு, ஒவ்வொரு குழியிலும் அந்தக் கனமே கம்பியை இழுத்து ஆட்டியது. கையின் தள்ளலை எடுத்துக்கொண்டு போகிற அதே கனம், ரோட்டின் தள்ளலையும் எடுத்துக்கொண்டு போகும். அதற்குக் கை எது, குழி எது என்று தெரியாது.

இன்னொன்றும் கவனித்தேன். கியர் லேசாக விழ ஆரம்பித்ததால், பெட்டி தேய்வது அவர் கைக்குத் தெரியாமலே போயிருந்தது. பித்தளைக் குண்டு போடாமல் இருந்திருந்தால், 'இது என்னமோ சரியில்லை' என்று மாதத்துக்கு முன்னாலேயே கை சொல்லியிருக்கும்.

அந்தப் பையன்தான் போன வாரம் போன் செய்தவர்.

அவர் மகனும் லைனில் வந்தான். படித்த பிள்ளை, விஷயம் தெரிந்துதான் பேசினான். "தாத்தா, ஹோண்டா கம்பெனியே பண்றான்." சரிதான். 1992இல் என்.எஸ்.எக்ஸ் ஆர் என்ற பந்தயச் சாயல் காருக்கு ஹோண்டா டைட்டானியத்தில் நாப் போட்டது. வண்டி முழுக்க எடையைக் குறைத்த கார் அது, டைட்டானியம் இரும்பைவிட லேசு. பிறகு 2020 சிவிக் டைப் ஆர் காரில் அதே கம்பெனி நாபுக்குள் 90 கிராம் எடை வைத்தது. தொண்ணூறு கிராம்! அதுவும் புதுப் பெட்டிக்கு, அந்தப் பெட்டியைச் செய்தவர்களே அளந்து வைத்தது. நம் பையன் வாங்கியது 500 கிராம், போவது கால் நூற்றாண்டு ஓடிய பெட்டியின் மேலே.

அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், உங்களிலும் கார் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். பெட்டி நன்றாக இருக்கிற சொந்தக் காரில், மரை அளவு பார்த்து (ஜப்பான் வழி வண்டிகளில் பெரும்பாலும் 10 அல்லது 12 மில்லி, பழைய ஜீப்புக்கு அங்குலக் கணக்கு), கால் கிலோவுக்குள் ஒன்று வாங்கிப் போட்டால் தப்பில்லை. கைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கும் வண்டியானால், நாப் அந்த வளையத்தை இடிக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் வெறும் இரும்பு நாபைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். ஆள் ஏற்றும் பழைய ஜீப்பில் மட்டும், முதலில் மேல்மூடியைத் திறந்து குண்டையும் ஸ்பிரிங்கையும் பார்க்காமல் எதையும் மாட்டாதே என்றேன். பையனுக்கு அரை மனசுதான். அப்பா பின்னாலிருந்து "சார் நெத்தியில தழும்பு இன்னும் இருக்குடா" என்றார்.

நேற்று மறுபடி போன். மூடியைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு ஸ்பிரிங் மாற்ற வேண்டும், குண்டு ஒன்று தட்டையாகிவிட்டதாம். மெக்கானிக் சாமான் வாங்க மதுரைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் வண்டி ஓடாது, கூலி போச்சே என்று ஆள்கள் வருத்தப்படுகிறார்களாம். இரும்பு உருண்டை இப்போதைக்கு டிவி மேல் இருக்கிறது.

அந்த டிரைவர் அண்ணன் 1990களிலேயே காலமாகிவிட்டார். விபத்துக்குப் பிறகு அவர் பித்தளையைக் கழற்றிவிட்டுப் பழைய கறுப்பு உருண்டையையே மாட்டிக்கொண்டார். அந்தப் பித்தளைக் குண்டு அவர் வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுக்கக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அது இன்னும் இருக்கிறதா என்று சொல்லுங்கள். ஒரு படம் எடுத்து அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.