யாருக்குங் கண்ணு இந்தக் கேசட்?

எண்பதுகளில் கோவையில் ஒரு பையன் என்ன பாட்டுக் கேட்கிறான், எதற்காகக் கேட்கிறான் என்பது அவன் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். ரெக்கார்டிங் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. காந்திபுரத்திலும் டவுன்ஹால் பக்கத்திலும், பொள்ளாச்சி, உடுமலை, கோபி என்று ஊருக்கு ஊர் பஸ் ஸ்டாண்டை ஒட்டியும் அந்தக் கடைகள் இருந்தன. சின்ன அறை, சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டுகள், இரண்டு டெக், ஒரு ஹெட்போன். நோட்டில் கிழித்த தாளில் பாட்டு வரிசையை எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வரவேண்டும். கடைக்காரர் தாளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்ப்பார். "யாருக்குங் கண்ணு?" என்பார். சொந்தத்துக்கு என்று பையன் சொல்வான். அவர் நம்பமாட்டார். வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்தக் கேசட் கோவைக்கு வந்த வழி நீளமானது. பெல்ஜியத்தின் ஹாசல்ட் நகரில் இருந்த பிலிப்ஸ் தொழிற்சாலையில் லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளர், கோட்டுப் பையில் நுழைகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, இதற்குமேல் பெரிதாகக் கூடாது என்று தம் ஆட்களிடம் சொன்னார். 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் வெளியானது. அடுத்த சில ஆண்டுகளிலேயே மற்ற கம்பெனிகளும் உரிமத்தொகை கட்டாமல் அதே அளவில் செய்துகொள்ள பிலிப்ஸ் விட்டுக்கொடுத்தது. இதைப் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன். அது நடக்காமல் போயிருந்தால் ஜப்பான் கேசட் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த டேப்ரெக்கார்டரில் ஏறி, கோபியில் இளையராஜாவைப் பாடியிருக்காது.

உள்ளே இருந்த நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். 60 வாங்கினால் பக்கத்துக்கு அரைமணி நேரம். 90 வாங்கினால் பக்கத்துக்கு 45 நிமிடம், நாடா சுமார் 130 மீட்டர். 120-ம் உண்டு, அதன் நாடா மெலிசு, சிக்கிக்கொள்ளும் என்பதால் கடைக்காரரே வேண்டாம் என்பார். ஆக, 90-ல் பக்கத்துக்குப் பத்துப் பாட்டு. கூலி கொடுத்து, நாள் கணக்கில் காத்திருந்து வாங்கப்போகும் இருபது பாட்டுக்காக, பிடித்த இருநூறில் நூற்றெண்பதை அடித்தாக வேண்டும். ஒருவர் இன்னொருவருக்கு 'நான் இதைத்தான் கேட்கிறேன்' என்று சொல்ல அந்த அடித்தல் போதுமானதாக இருந்தது. சோகப் பாட்டை எத்தனையாவதாக வைப்பது, அடுத்த பக்கத்தை எதில் தொடங்குவது என்பதிலேயே காரணமும் எழுதப்பட்டுவிடும். தனியாக ஒரு கடிதம் வேண்டியதில்லை. மாட்டிக்கொண்டாலும் வெறும் சினிமாப் பாட்டுதானே என்று தப்பிக்கலாம்.

இப்படி வரிசை வைத்துச் சொல்லும் வசதி வானொலியில் இல்லை. இலங்கை வானொலிக்கும் கோவை நிலையத்துக்கும் விருப்பப் பாடல் கேட்டு எழுதியவர்கள் இங்கே ஏராளம். பாட்டுக்கு முன்னால் பெயரும் ஊரும் வரிசையாக வாசிக்கப்படும். அந்தப் பெயர்களில் ஒன்று யாரை நினைத்து எழுதியது என்பது அறிவிப்பாளருக்குத் தெரியாது. பாட்டும் ஒருமுறை ஒலித்துவிட்டுப் போய்விடும்.

ரெக்கார்டிங் கடைக்காரரின் நிலைமை வேறு. ரெக்கார்டிலிருந்து கேசட்டுக்கு ஏற்றும்போது பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஆகும். 90 நிரம்ப ஒன்றரை மணி நேரம். இடையில் ஊசி குதித்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் ஊரார் கேட்ட அத்தனையையும் அவர் ஒருமுறை கேட்டே தீரவேண்டியிருந்தது. பக்கம் முடியக் கடைசியில் மூணு நிமிடம் மீந்தால், தாளில் இல்லாத ஒரு பாட்டை அவராகவே போட்டுவிடுவார். கேசட்டைக் கொடுக்கும்போது, "மிச்சம் இருந்துச்சுங், ஒண்ணு சேத்தி உட்டுருக்கறன், கேட்டுப் பாருங்" என்பதோடு சரி. பல பேருக்குப் பழைய பாட்டு ருசி பிடித்தது இந்த மூணு நிமிடத்தில்தான். சட்டப்படி பார்த்தால் இந்தத் தொழில் முழுக்கத் திருட்டு. 1984-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். கடைகள் அதற்குப் பிறகும் நெடுநாள் ஓடின. கம்பெனிக் கேசட் ஒரு படத்தின் பாட்டைத் தரும். ஒரு ஆளின் மனசைத் தராது என்பதுதான் ரெக்கார்டிங் கடைகளின் முதலீடு.

கடையை விட்டு வெளியே வந்த கேசட் நேராக வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கொங்கு நாட்டில் பாதிக் கேசட்டுகள் பஸ் ஏறின. பொள்ளாச்சி, பழனி, தாராபுரம் வழித்தடங்களில் ஓடிய தனியார் பஸ்களுக்குப் பாட்டுத்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. வந்து நின்ற வண்டியை விட்டுவிட்டு, அடுத்ததில் பாட்டு நல்லாயிருக்கும் என்று நின்றவர்கள் உண்டு. காலேஜ் பையன்கள் தங்கள் கேசட்டை டிரைவரிடம் கொடுத்து, "அண்ணா, சிங்காநல்லூர் தாண்டுனதும் ரெண்டாவது பாட்டைப் போடுங்ணா" என்பார்கள். சிங்காநல்லூரில் ஏறுகிறவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, டிரைவருக்குப் புரியும், கண்டக்டருக்குப் புரியும், நாலு நாளில் பஸ்ஸுக்கே புரிந்துவிடும். வெயிலில் டேஷ்போர்டு மேல் கிடந்து நாடா இழுத்துக்கொண்டு, எஸ்.பி.பி. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும்வரை அந்தக் கேசட் அங்கேயே இருக்கும்.

ரேடியோ செட்காரர் இன்னொரு இடையாள். கல்யாணமோ, மாரியம்மன் பூச்சாட்டோ, தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியதும் முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, நோன்பு என்றால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். அதற்குப் பிறகு ஊர் முழுக்க என்ன கேட்பது என்பதை அவர் ஒருவரே முடிவு செய்வார். மாப்பிள்ளையின் நண்பர்கள் கேசட்டோடு போய் நிற்பார்கள். பெரியவர்கள் தூங்கப் போனபின் போடுகிறேன் என்பார்.

சினிமாவுக்கு வெளியேயும் இந்த நாடா ஓடியிருக்கிறது. கேசட் இங்கே வருவதற்கு முன்பே, காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர், 1965-ல் கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டுக்காரர்கள் பாடப் பாட டேப்பில் பதிந்தார். அந்தக் குரல்கள் கனடாவுக்குப் போயின. 1982-ல் அதைப்பற்றி ஒரு ஆங்கில ஆய்வுநூல் வந்தது, பின்னர் அனிமேஷன் தொடராகவும் ஆனது. தான் கேட்ட பாட்டு ஏன் முக்கியம் என்று விளக்குவதற்கே அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறார். உள்ளூரிலோ அதே கதை பிற்பாடு கேசட்டாகி, சினிமாக் கேசட்டுகளுக்குப் பக்கத்தில் திருவிழாக் கடைகளில் தொங்கியது. வாங்கியவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சி.டி. வந்தது, எம்.பி.3 வந்தது. ரெக்கார்டிங் கடைகள் மொபைல் கடைகளாக மாறின, அல்லது மூடின. ஆனால் இடையாள் போகவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வந்த பீகார், ஒடிசா ஆட்கள் மெமரி கார்டை நீட்டிப் போஜ்புரிப் பாட்டும் ஒடியாப் பாட்டும் ஏற்றித் தரச் சொன்னார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்கள் வடநாடு கிளம்புமுன் பென் டிரைவை நிரப்பிக்கொண்டார்கள். இந்தக் கடைக்காரர் பாட்டு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கணக்கில் பாட்டு சில நிமிடத்தில் ஏறிவிடும், அடித்துக் குறைக்க அவசியமும் இருக்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் அந்த வேலையும் குறைந்தது. இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு துண்டுப் பாட்டு வைக்கிறவர், அதை யார் யார் பார்த்தார்கள் என்று பட்டியல் எடுக்கிறார். அந்தப் பட்டியல் ரெக்கார்டிங் கடைக்காரரிடம் இல்லாத ஒன்று.

பழைய கேசட்டுகள் என்ன ஆயின என்றால், பல காட்டுக்குப் போயின. உறையை உடைத்து நாடாவை உருவி, சோளக்காட்டில் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டினால் காற்றில் 'விர்ர்' என்று அதிரும், வெயிலில் மின்னும். கிளியும் குருவியும் கிட்டே வராது. 130 மீட்டர் நாடாவுக்கு விலையும் இல்லை. மயில்தான் மசியவில்லை. கொஞ்ச நாளில் அதற்கு எல்லாம் பழகிவிட்டது. கீழே குனிந்து புகுந்து கொத்த ஆரம்பித்தது. இப்போது காட்டுக்காரர்கள் பேட்டரியில் ஓடும் சின்ன ஒலிபெருக்கி வாங்கி, தாங்களே சத்தம் போட்டு அதில் பதிந்து, விடியவிடிய ஓடவிடுகிறார்கள். வரப்பில் போகிறவர்கள் குரலை வைத்தே அது யார் காடு என்று சொல்லிவிடுகிறார்கள்.