ரெண்டு ஓபிஜி

அக்கா பொண்ணுக்குப் பல்லில் கிளிப் போட வேண்டும் என்று தஞ்சாவூருக்கு அழைத்துப் போயிருந்தேன். டாக்டர் முதலில் சொன்னது, "ஓபிஜி ஒண்ணு எடுத்துட்டு வாங்க". முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே அது. ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை வேர்களைப் படம் எடுத்துப் பார்க்கணும் என்றார். ஏன் என்று கேட்டேன். "வேர் கரையுதான்னு பாக்கத்தான்". எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்லை நேராக்கப் போய் வேரை இழப்பதா? வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிளிப் பல்லை இழுக்கும்போது பல் எப்படி நகர்கிறது? 1904ல் ஸ்வீடன்காரர் கார்ல் சாண்ட்ஸ்டெட் நாயின் பல்லை நகர்த்தி, அந்தத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. கரைக்கிற செல்லின் பெயர் ஆஸ்டியோகிளாஸ்ட்.

எலும்பைத் தின்கிற செல் பக்கத்திலேயே இருக்கிற வேரை ஏன் விட்டு வைக்கிறது? வேரின் மேல் சிமெண்டம் என்று ஒரு பூச்சு. அதன்மேல் சிமெண்டோபிளாஸ்ட் செல்கள் வரிசையாகக் காவல் இருக்கின்றன. அந்த வரிசை அறுபடாத வரை வேருக்கு ஆபத்து குறைவு. இழுவை அதிகமானால் வேருக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள நார்ப்படலம் நசுங்கும், ரத்த ஓட்டம் நின்று திசு சாகும். செத்ததைக் கூட்டிப் பெருக்க வரும் செல்கள் கூடவே சிமெண்டத்தையும் சுரண்டி விடுகின்றன. குப்பை அள்ள வந்தவன் சுவரையும் இடித்த கதைதான்.

இது தெரியவந்ததே எக்ஸ்ரேயால். 1914ல் ஒட்டொலெங்கி என்பவர் வேர் கரைவதையும் கிளிப் சிகிச்சையையும் முடிச்சுப் போட்டார். 1920களின் கடைசியில் அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஆல்பர்ட் கெட்சம் நூற்றுக்கணக்கானவர்களின் எக்ஸ்ரேக்களை வைத்து, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேர் குறுகியிருக்கிறது என்று காட்டினார். அந்தத் துறையே கொஞ்ச நாள் ஆடிப்போனதாம். 1932ல் வியன்னாவின் ஷ்வார்ஸ் ஒரு அளவுகோல் தந்தார்: சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம், அதாவது நுண் ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாண்டாத இழுவை போதும் என்று.

நம்ம டெல்டாவில் நாற்றுப் பறிக்கிற அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்றங்காலில் தண்ணி கட்டி, மண்ணை இளக விட்டுத்தான் பறிப்பார்கள். வெடுக்கென்று இழுத்தால் வேர் அறும்.

இப்போ இரண்டாவது ஓபிஜி. 1997ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு புரதம், ஆஸ்டியோபுரோடெஜெரின். அதன் சுருக்கமும் ஓபிஜிதான்! ராங்க்-எல் என்ற இன்னொரு புரதம் ஆஸ்டியோகிளாஸ்ட்டை உருவாக்கச் சொல்லி உத்தரவு போடும். ஓபிஜி குறுக்கே விழுந்து அந்த உத்தரவைத் தடுக்கும். அப்படியானால் ஊசியில் ஏற்றி வேரைக் காப்பாற்றலாமே? எலிகளில் செய்து பார்த்தார்கள். பல் நகர்வதே குறைந்துபோனது. எலும்பு கரையாமல் பல் நகராது இல்லையா? வேரை மட்டும் காத்து எலும்பைக் கரைய விடுவதுதான் இன்னும் பிடிபடாத வித்தை.

சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பல் மருத்துவப் பிரிவு வந்தது 1953ல். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி 1980ல். அதற்கு முன்னால் நம்ம பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் கிளிப் போட்டிருப்பார்கள்? தெத்துப்பல்லோடேயே கல்யாணம் ஆகிப் போனவர்கள்தான் அதிகம்.

ஆறாம் மாதப் படம் வந்தது. முன்பல் ஒன்றின் நுனி லேசாக மழுங்கியிருந்தது. டாக்டர் மூன்று மாதம் இழுவையை நிறுத்தி வைத்தார். ஓய்வு கிடைத்தால் வேரின் பக்கவாட்டில் விழுந்த குழிகளைப் புது சிமெண்டம் ஓரளவு மூடிவிடும். நுனியில் போன நீளம் மட்டும் திரும்பாது.

"இன்னும் மூணு மாசமா?" என்று பொண்ணு சிணுங்கினாள். இருக்கட்டும்டி, வேர் இருந்தால்தான் பல் என்று சொல்லி பஸ் ஏற்றினேன்.