லண்டனிலிருந்து திரும்பிய கம்பெனி

நம் ஜொகூரிலும் தோட்டங்கள் வைத்திருந்த சைம் டார்பி, 1910இல் மலாக்காவில் தோன்றிப் பின்னாளில் லண்டனில் பதிவு பெற்ற கம்பெனி. மனிதன் குடியுரிமையை மாற்றிக்கொள்ளலாம். அங்கே பதிந்த கம்பெனி தன் பதிவைப் பெயர்த்துக்கொண்டு போக இங்கிலாந்துச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே மலேசியாவில் சைம் டார்பி பெர்ஹாட் என்ற புதுக் கம்பெனி பதிவாயிற்று. பழைய பங்குக்கு ஈடாகப் புதுப் பங்கு தந்தார்கள். 1979இல் அது மலேசியக் கம்பெனியாயிற்று. கெட்டிக்கார ஏற்பாடுதான்!

பால்மரக் காட்டில் எழும் கேள்வி வேறு: நம் பழைய சர்வீஸ் என்னாகும்? பங்குகள் மட்டும் கைமாறினால், சம்பளம் தரும் கம்பெனி மாறாது, சர்வீசும் அறாது. தோட்டமே வேறு கம்பெனிக்குப் போனால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, புது முதலாளி ஏழு நாளுக்குள், முன்னிலும் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வரவேண்டும். ஏற்றுக்கொண்டால் சர்வீஸ் தொடரும். அவர் முன்வராவிட்டால், ஓராண்டுக்குக் குறையாமல் உழைத்தவருக்குப் பழைய முதலாளியும் புது முதலாளியும் சேர்ந்தும் தனித்தனியாகவும் நட்டஈடு தரக் கடமைப்பட்டவர்கள்.