மரணச் சான்றிதழுக்குப் பின்னால் உள்ள கதையை எங்கே எழுதுவது? வம்சாவளி மென்பொருளை எங்கள் ஆவணங்களுக்கு ஏற்ப மாற்றுதல்

கனடாவில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, தன் தாய்வழிக் குடும்பத்தின் வம்சாவளியைக் கணினியில் பதியத் தொடங்கினாள். 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் கையளிக்கப்பட்ட மாமாவின் பெயருக்கு நேரே 'இறப்பு' என்றொரு கட்டம் இருந்தது. கையில் மரணச் சான்றிதழின் பிரதியும் இருந்தது. அதிலிருந்த திகதியை நிரப்பி, மூலம் என்ற இடத்தில் 'மரணச் சான்றிதழ்' என எழுதினாள். அதைப் படமெடுத்து வன்னியில் இருக்கும் அம்மம்மாவுக்கு அனுப்பியபோது வந்த பதில் ஒரு கேள்விதான்: "ஆர் பிள்ளை உனக்கு அப்பிடி எழுதச் சொன்னது?"

அந்தச் சான்றிதழ் போலியானதல்ல. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, இறப்புக்களைப் பதிவு செய்தல் தொடர்பான தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. ஒரு வருடத்துக்கு மேலாகத் தகவல் இல்லாத ஒருவரை இறந்தவராகப் பதிவதற்கு வழிசெய்த சட்டம் அது. காணியைப் பெயர் மாற்றவும் வங்கியிலிருந்த பணத்தை எடுக்கவும் வேறு வழியில்லாமல் அதை வாங்கியவர்களில் இந்த அம்மம்மாவும் ஒருவர். வாங்கியதால் மகன் இறந்துவிட்டதை அவர் ஏற்றுக்கொண்டார் என்றாகாது. காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற இன்னொரு தெரிவு, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னரே வந்தது.

பேத்தியின் பதிவில் இவற்றில் ஒன்றுமே இல்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. மென்பொருள் திகதியைக் கேட்டது, மூலத்தைக் கேட்டது. அந்தக் கடதாசி எதற்காக வாங்கப்பட்டது என்று கேட்கவில்லை.

இந்தக் கேள்வியையும் கேட்கும்படி மென்பொருளை மாற்றலாம். இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது கிராம்ப்ஸ். 2001இல் தொடங்கப்பட்ட இலவசத் திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் இயங்கும். தரவுகள் உங்கள் கணினியிலேயே இருக்கும், எந்த நிறுவனத்தின் சேவையகத்துக்கும் போகத் தேவையில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கடைசி விடயம் சிறியதல்ல.

வம்சாவளி மென்பொருள்களில் வரும் சான்றுக் குறிப்பு வார்ப்புருக்கள் பெரும்பாலும் மேற்குலக ஆவணங்களை மனதில் வைத்தவை. அமெரிக்கரான எலிசபெத் ஷோன் மில்ஸ் 2007இல் வெளியிட்ட கையேட்டைப் பின்பற்றியவையும் உண்டு. குடிசன மதிப்பீடு, தேவாலயப் பதிவேடு, கப்பல் பயணிகள் பட்டியல் எல்லாவற்றுக்கும் அவற்றில் இடமுண்டு. எங்கள் வீடுகளில் பொலித்தீன் பைக்குள் இருப்பவை வேறு: குடும்ப அட்டை, கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல் கடிதம், பாடசாலைச் சேர்வு இடாப்பின் பிரதி, உத்தேச வயதுச் சான்றிதழ், மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவுக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, 31ஆம் நாளில் வெளியிட்ட கல்வெட்டு. 1995 இடப்பெயர்விலும் 2009இலும் மூலப்பிரதிகளைத் தொலைத்தவர்களிடம் போட்டோக்கொப்பிதான் எஞ்சியிருக்கிறது.

மூலம் வேறு, சான்றுக் குறிப்பு வேறு

கிராம்ப்ஸில் 'மூலம்' என்பது ஆவணம் முழுவதும். 'சான்றுக் குறிப்பு' என்பது அந்த ஆவணத்தின் எந்தப் பகுதி எந்தத் தகவலுக்கு ஆதாரம் என்பது. ஆவணம் இருக்கும் இடத்தைத் தனியாகப் பதியலாம். சுவடிக்கூடம், நூலகம் என்ற வகைகள் தயாராக உண்டு. அவை பொருந்தாவிட்டால் நீங்களே தட்டச்சு செய்யலாம். 'அம்மம்மாவின் றங்குப்பெட்டி' என்பதும் முறையான பதிவுதான். கல்வெட்டு நூலகம் இணையத்தளத்தில் ஏற்றப்பட்டிருந்தால் அதன் முகவரியையும் சேருங்கள். அங்கே நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன, பலவற்றில் வம்சாவளிப் பட்டியலும் உண்டு.

சான்றுக் குறிப்போடு நாங்கள் விரும்பும் பெயரில் புலங்களைச் சேர்க்கலாம். பெயர் தமிழிலேயே இருக்கலாம். குறைந்தது நான்கு வேண்டும் என்பது என் எண்ணம். எதற்காகப் பெறப்பட்டது, யாருடைய விண்ணப்பத்தின் பேரில், தகவலைச் சொன்னவர் நேரில் கண்டவரா கேட்டவரா, கையிலிருப்பது மூலப்பிரதியா போட்டோக்கொப்பியா. முதலாவது புலம் மட்டும் இருந்திருந்தாலே அம்மம்மாவின் கேள்வி எழுந்திராது.

நம்பகத்தன்மை என்ற ஐந்து படி அளவும் உண்டு. அரச முத்திரை உள்ள ஆவணத்துக்கு 'மிக உயர்வு', தாயின் வாய்மொழிக்குக் 'குறைவு' என்று கைகள் தானாகவே போகும். அப்படிப் போட வேண்டியதில்லை. மகனைக் கையளித்த இடத்தில் நின்ற தாய், அந்த நிகழ்வின் நேரடிச் சாட்சி. மரணச் சான்றிதழோ, அது வழங்கப்பட்டது என்பதற்கு மிக உயர்ந்த ஆதாரம், இறந்த திகதிக்கு மிகக் குறைந்த ஆதாரம். ஒரே ஆவணத்திலிருந்து இரண்டு சான்றுக் குறிப்புகளை எழுதி, இரண்டுக்கும் வெவ்வேறு அளவு கொடுக்க மென்பொருள் இடம் தருகிறது.

படிவத்தை மாற்றுவது

ஒவ்வொரு முறையும் இந்தப் புலங்களைக் கையால் சேர்ப்பது அலுப்பு. இதற்கு 'போர்ம்ஸ்' என்ற பிளக்இன் உதவும். ஆட்ஒன் மனேஜரில் தேடி நிறுவிக்கொள்ளலாம். பிரித்தானிய, அமெரிக்க குடிசன மதிப்பீட்டுப் படிவங்கள் அதனோடு வருகின்றன. பிரித்தானியப் படிவத்தைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: குடும்பத் தலைவர், அவருக்கு உறவுமுறை, வயது, தொழில் என வரிசையாக எங்கள் குடும்ப அட்டையேதான். எனவே புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, அதைப் பார்த்து மாற்றினால் போதும்.

பிளக்இன் நிறுவப்பட்ட கோப்புறையில் நாட்டுக்கொரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அவற்றைத் திருத்தாதீர்கள். பிளக்இன் புதுப்பிக்கப்படும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். அதே கோப்புறையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'கஸ்டம்' என்ற பெயரில் புதிய எக்ஸ்எம்எல் கோப்பொன்றை உருவாக்கி, பிரித்தானியப் படிவம் ஒன்றின் அமைப்பை அதற்குள் பிரதி செய்யுங்கள். அமைப்பு எளிது: ஒரு படிவம், அதன் மேற்பகுதிக்கான தலைப்புகள், ஆட்களைப் பட்டியலிடும் பிரிவு, அதற்குள் நிரல்கள். தலைப்புகளில் 'குடும்ப அட்டை இலக்கம்', 'கிராம சேவையாளர் பிரிவு', 'எதற்காகப் பெறப்பட்டது' என எழுதலாம். ஆளின் பெயருக்கான நிரலை மாத்திரம் மாற்றாமல் விடுவது பாதுகாப்பானது. படிவத்தின் அடையாளப் பெயர் வேறெந்தப் படிவத்தினதும் பெயராக இருக்கக்கூடாது. நோட்பாட்டில் சேமிக்கும்போது யூரிஎப்-8 எனத் தெரிவு செய்யாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கிராம்ப்ஸின் புதிய பதிப்புக்கு மாறும்போது, உதாரணமாக 5.2இலிருந்து 6.0க்கு, பிளக்இன் கோப்புறையும் மாறும். பிளக்இன்னை மீண்டும் நிறுவி, உங்கள் கஸ்டம் கோப்பை நீங்களே புதிய இடத்தில் போட வேண்டும். அதன் பிரதி ஒன்றைப் பென்ட்ரைவில் வைத்திருங்கள்.

பகிர முன்னர்

தகவல் சொன்னவரின் பெயர் ஆபத்தானதாக இருக்கலாம். கிராம்ப்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் பூட்டு அடையாளம் உண்டு. பூட்டப்பட்டவற்றைத் தவிர்த்து ஏற்றுமதி செய்யத் தெரிவும் உண்டு. நாட்டுக்குள் இருக்கும் சாட்சிகளின் பெயர்களைப் பூட்டாமல் எந்த இணையத்தளத்திலும் ஏற்றாதீர்கள்.

உறவினர் வேறு மென்பொருள் பாவித்தால் ஜெட்கொம் கோப்பாகக் கேட்பார்கள். அந்த வடிவத்தில் எங்கள் சொந்தப் புலங்கள் முழுமையாகப் போய்ச்சேரும் என நம்ப முடியாது. முக்கியமானதை ஒரு சாதாரண வசனமாகக் குறிப்பிலும் எழுதிவிடுங்கள்: 'காணி மாற்றத்துக்காகப் பெறப்பட்ட சான்றிதழ். குடும்பம் இறப்பை உறுதிப்படுத்தவில்லை.' உங்கள் சொந்தச் சேமிப்புக்கு, படங்களையும் சேர்த்துப் பொதியும் கிராம்ப்ஸின் வடிவமே நல்லது.

அந்தப் பேத்தி இறப்பு நிகழ்வை நீக்கிவிட்டாள். நிகழ்வு வகையை விரும்பியபடி தட்டச்சு செய்ய முடியும் என்பதால், இப்போது மாமாவுக்குக் 'கையளிக்கப்பட்டார்' என்றொரு நிகழ்வும், 'சான்றிதழ் வழங்கப்பட்டது' என்றொரு நிகழ்வும் இருக்கின்றன. இறப்புப் பதிவு இல்லாத ஒருவரை, பிறந்து ஏறத்தாழ 110 வருடங்கள் ஆகும் வரை கிராம்ப்ஸ் உயிரோடு இருப்பவராகவே கணக்கில் எடுக்கும். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை மறைத்து ஏற்றுமதி செய்தால் மாமாவின் விவரங்களும் மறைந்துபோகும், அதைக் கவனிக்க வேண்டும். புதிய பதிவைப் பார்த்த அம்மம்மா ஒரு திருத்தம்தான் சொன்னார். கையளித்தது காலமை அல்ல, பின்னேரம்.