தொலையவில்லை, தாமதம்: க்னோம் ஷெல்லின் மெமரி கதை

நாகர்கோவில் பக்கம் டிடிபி கடைகளில் ஒரு பழைய வைத்தியம் உண்டு. மதியத்துக்கு மேல கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தால், "ஒருக்கா அணைச்சுப் போடு மக்கா, சரியாயிரும்" என்பார்கள். சரியாகும். ஆனா ஏன் சரியாச்சுன்னு தெரியாது; அணைத்த நொடியில் தடயமும் போய்விடும்.

தடயத்தை விடாமல் துரத்திய கதை ஒன்று உண்டு.

2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10, யூனிட்டியை விட்டுவிட்டு க்னோம் ஷெல்லுக்கு மாறியது. பயனர்கள் கூடினார்கள், புகாரும் கூடியது: திரையில் எதைத் திறந்து மூடினாலும் மெமரி ஏறுது, இறங்க மாட்டேங்குது. 4 ஜிபி ராம் லேப்டாப்பில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது சின்ன விஷயமா? வாங்கிய இடத்தை ஏதோ ஒரு நிரல் திருப்பித் தர மறக்கிறது, அதாவது மெமரி லீக், என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

2018-ல் க்னோம் நிரலாளரான பிரேசில்காரர் ஜார்ஜஸ் ஸ்டாவ்ராகாஸ் இதைத் துருவினார். கார்பேஜ் கலெக்டரை வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தால் மெமரி இறங்கியது. அப்படின்னா இடம் தொலையவில்லை. திரும்பி வரத் தாமதமாகிறது.

காரணம் இதுதான். ஷெல்லின் மேல்பகுதி ஜாவாஸ்கிரிப்ட், அடியில் சி மொழி நூலகங்கள், நடுவில் பாலமாக ஜிஜேஎஸ். சி பக்கம், ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம், கார்பேஜ் கலெக்டர் எப்போதாவது வந்து யாரும் பிடிக்காததை அள்ளிப் போகும்.

நம்ம ஊர் ஓட்டுக்கூரையைப் பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். மேல் வரிசையை எடுத்தால்தான் அடுத்த வரிசை கைக்கு வரும். வேலையாள் ஒரு தடவைக்கு ஒரு வரிசை மட்டும் பிரித்துவிட்டு, அடுத்து என்றைக்கு வருவார் என்று தெரியாவிட்டால்? தாய்ப் பொருள் விடுபட்ட பிறகுதான் பிள்ளைப் பொருள் குப்பையாகும். அதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிடும். பிள்ளை அடுத்த சுற்றுக்குக் காத்துக் கிடக்கும், பேரன் அதற்கும் அடுத்த சுற்றுக்கு.

தீர்வு முரட்டுத்தனமானது: ஒரு பொருள் விடுபட்டதுமே அடுத்த சுற்றுக்குச் சொல்லி வைப்பது. 'பெரிய சுத்தியல்' என்று அதற்குப் பட்டப்பெயரே விழுந்தது. ஒவ்வொரு சுற்றும் பிராசசரின் நேரத்தைத் தின்னும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். 2018 செப்டம்பரில் வந்த க்னோம் 3.30 இந்தத் திருத்தத்தோடு வந்தது.

இதில் நான் எடுத்துக்கொண்ட பாடம்: ஒரே செயலை இருபது முறை செய்து, ஒவ்வொரு முறையும் மெமரியைக் குறித்து வையுங்கள். ஏறினால், கலெக்டரை ஓட்டிப் பாருங்கள். இறங்கினால் தாமதம், இறங்காவிட்டால் யாரோ இன்னும் பிடித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அணைத்துப் போடுவதை அதற்கப்புறம் வச்சுக்கலாம்.