மாலைக்கண்ணும் மதுரைப் பிள்ளைகளும்

மதுரையில் வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. (அதனால் பால்குடிக் குழந்தைக்கு வைட்டமின் டி தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கக்கூடாது. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பிள்ளைக்குத் தெருவில் அடிக்கும் வெயிலால் பயனில்லை. தினம் 400 அலகு சொட்டுமருந்து கொடுக்கச் சொல்வது இதனால்தான்.) ஆனால் இந்த ஊரின் மருத்துவ வரலாற்றில் பெரிய போராட்டம் நடந்தது வேறு ஒரு வைட்டமினுக்காக. அது வைட்டமின் ஏ.

பிறந்த குழந்தையின் ஈரலில் வைட்டமின் ஏ கொஞ்சம்தான் இருக்கும். வணிகவியல் மொழியில் சொன்னால் தொடக்க இருப்பு மிகக் குறைவு. வரவு முழுவதும் தாய்ப்பாலில் இருந்து வரவேண்டும். தாய்க்கே பற்றாக்குறை என்றால் பாலிலும் பற்றாக்குறை. கர்ப்ப காலத்தில் பொழுது சாய்ந்ததும் கண் தெரியாமல் தடவி நடக்கும் பெண்களை நம் கிராமங்கள் நன்றாக அறியும். மாலைக்கண் என்று பெயர் வைத்து, பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள். இது போதாதென்று சீம்பாலைப் பீய்ச்சி வெளியே ஊற்றிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாக்கில் தொட்டு வைக்கும் வழக்கம் வேறு! வைட்டமின் ஏ அதிகம் இருப்பதே அந்த மஞ்சள் நிறச் சீம்பாலில்தான்.

தாய்ப்பால் நிறுத்திய பிறகு வெறும் கஞ்சியும் சோறும். அரிசியில் இந்தச் சத்து கிடையாது. கொல்லையில் முருங்கை மரம் நிற்கும், ஆனால் கீரை கொடுத்தால் வயிற்றுக்குப் போகும் என்று பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் தட்டம்மையோ பேதியோ வந்தால் கருவிழி மெழுகு மாதிரி இளகிப் போய்விடும். சில நாட்களில் பார்வை போய்விடும். அதற்குப் பிறகு எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

சென்னை அரசு கண் மருத்துவமனையின் ஆர்.ஈ. ரைட் 1930களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குன்னூர் உணவு ஆராய்ச்சிக்கூடத்தின் அய்க்ராய்டுடன் சேர்ந்து சிவப்புப் பனை எண்ணெய் கொடுத்துப் பார்த்த முடிவுகளை 1937ல் வெளியிட்டார். காரணமும் தெரியும், மருந்தும் தெரியும். ஆனாலும் அடுத்த 30 வருடங்களுக்குப் பிள்ளைகள் குருடாகிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில் (இப்போது அரசு இராசாசி மருத்துவமனை) கண் பிரிவுத் தலைவராக இருந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. பின்னாளில், 1976ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். கண்புரை அறுவை சிகிச்சைக்காகத்தான் அவரை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் 1970களின் தொடக்கத்தில் அவர் எர்ஸ்கினில் நடத்திய சத்துணவு மறுவாழ்வு மையம் அதற்குக் குறைந்த சாதனை அல்ல. கண் பாதித்த பிள்ளையோடு தாயும் அங்கேயே தங்குவாள். கீரையும் பருப்பும் போட்டுச் சமைக்கக் கற்றுக்கொள்வாள். தன் பிள்ளை தேறுவதைத் தானே பார்ப்பாள். ஆக்ஸ்போர்டில் கண் வேதியியல் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்ற ஆன்டனெட் பிரீ இந்த வேலையில் கூட நின்றார். சொற்பொழிவால் மாறாத பழக்கம் அடுப்படியில் மாறும் என்பதை இருவரும் புரிந்து வைத்திருந்தார்கள்.

1970லேயே மத்திய அரசு, பிள்ளைகளுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ தரும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 1980ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பமானபோது, மாதாமாதம் எடை பார்ப்பதோடு வைட்டமின் ஏ கொடுப்பதும் அதில் ஓர் அங்கம்.

அதுவரை எல்லோருக்கும் இது கண் சம்பந்தப்பட்ட விஷயம். 1986ல் ஆல்ஃபிரட் சாமர் இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் இருந்து வேறு ஒரு செய்தி சொன்னார். வைட்டமின் ஏ பெற்ற பிள்ளைகளில் மரணமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது! பலர் நம்பவில்லை. மதுரை அரவிந்த் குழுவில் இருந்த மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லா திருச்சி மாவட்டத்தில் 15,419 பிள்ளைகளிடம் சோதித்தார். பெரிய டோஸ் இல்லை, வாரம் 8,333 அலகு. உணவில் இருந்து கிடைத்திருக்க வேண்டிய அளவுதான். 1990ல் முடிவு வெளியானது: மரணம் 54 சதவீதம் குறைவு.

அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது. பிறந்தவுடனேயே கொடுத்தால்? 1998க்கும் 2001க்கும் இடையில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, தமிழ்நாட்டின் 2 கிராமப்புற மாவட்டங்களில் 11,619 பச்சைக் குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு 24,000 அலகு வீதம் 2 முறை. மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். (படிக்கும்போது மனதை உறுத்துகிறது. ஆனால் பச்சைக் குழந்தைக்கு இது நல்லதா கெட்டதா என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாமலே எல்லோருக்கும் கொடுப்பது அதைவிட மோசம்.) 2003ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த முடிவு: 6 மாதத்துக்குள் மரணம் 22 சதவீதம் குறைவு. அந்தப் பலன் தெரிந்ததும் 2 வாரத்துக்கும் 3 மாதத்துக்கும் இடைப்பட்ட வயதில்தான்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல சினிமாக் கதை. 2008ல் வங்கதேசத்தில் 15 சதவீதம் குறைந்தது. அதே வருடம் கினி-பிஸாவில் பலன் எதுவும் இல்லை. 2011ல் உலக சுகாதார நிறுவனம், பச்சைக் குழந்தைகளுக்கு இதைப் பொதுத்திட்டமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. பிறகு ஹரியானா, கானா, தான்சானியா மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 1 லட்சம் குழந்தைகளிடம் நடந்த சோதனைகளின் முடிவு வந்தது. ஹரியானாவில் 10 சதவீதம் குறைவு, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்கிற அளவில். ஆப்பிரிக்காவில் பலன் இல்லை. தாய்மார்களிடம் பற்றாக்குறை அதிகம் உள்ள இடங்களில்தான் மருந்து வேலை செய்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் 2003ன் அந்த 22 சதவீதம் மருந்தின் பெருமையை விட, அன்றைய தென் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது.

இன்றைய நடைமுறையில் முதல் டோஸ் 9வது மாதத்தில், தட்டம்மைத் தடுப்பூசியோடு, 1 லட்சம் அலகு. பிறகு 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம். பிறந்த முதல் 2 நாட்களுக்கு வைட்டமின் ஏ சொட்டுமருந்து இல்லை, அதற்குச் சீம்பால் மட்டும்தான்.